நெருக்கடி வருவதற்கு முன்பே முடிவெடுங்கள்: புதிதாக விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கு

கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட முதல் சில மாதங்களில் பலருக்குப் பெரிய உபத்திரவம் எதுவும் வருவதில்லை. வழக்கமாகப் போகும் இடத்துக்கு நீங்கள் வராததைப் பார்த்து நண்பர் ஒருவர், "என்னாச்சு உனக்கு?" என்பார். அலுவலகத்தில் ஒரு சின்னப் பொய்க்கு நீங்கள் தயங்கினால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். அந்தக் கேள்வியையும் சிரிப்பையும் தாங்க முடியாமல் பின்வாங்கிப் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இயேசுவின் சீஷரான பேதுரு தன் முதல் நிருபத்தில், அதாவது சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் (1 பேதுரு 4:4), இதைப் பற்றித்தான் எழுதுகிறார். பழைய கூத்துகளில் நீங்கள் சேராததைக் கண்டு அவர்கள் "ஆச்சரியப்பட்டு, உங்களைத் தூஷிக்கிறார்கள்" என்கிறார். அந்த நிருபம் எந்தெந்தப் பகுதிகளுக்குப் போனது என்று அதன் முதல் வசனமே சொல்கிறது. கடைசியாக வரும் பெயர் பித்தினியா, இன்றைய துருக்கியில் இருந்த ஒரு ரோமப் பகுதி. அதே பித்தினியாவுக்கு ஆளுநராக இருந்த பிளினி, கி.பி. 112 வாக்கில், இந்தக் கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு ரோமப் பேரரசர் டிராஜானுக்குக் கடிதம் எழுதினார். விசாரணையில் தெரியவந்ததை அதில் சொல்கிறார்: இவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, கொள்ளையடிப்பதில்லை, விபசாரம் செய்வதில்லை, கொடுத்த வாக்கை மீறுவதில்லை, நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை என்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள்.

விசுவாசமில்லாத ஒரு அதிகாரியின் கண்ணில் பட்ட கிறிஸ்தவ வாழ்க்கை இது. எல்லாமே அன்றாட விஷயங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். விடியுமுன் உறுதி எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் அவர்கள் பகலுக்குள் போனார்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் படிகள் எல்லாமே அதைச் சுற்றித்தான் வருகின்றன.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆவணத்தில் முந்தைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடச் சொன்னார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யோசிக்க அரை நிமிடம்கூட இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று இரவு ஜெபிக்க உட்கார்ந்தபோது வார்த்தை வரவில்லை. எனக்குத் தைரியம் போதவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், அப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வது என்று அதற்கு முன் ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை.

முதல் படி: "உலகம்" என்றால் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்களைக் குழப்பும் சொல் இது. தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்று யோவான் 3:16 சொல்கிறது. உலகத்தில் அன்புகூராதிருங்கள் என்று 1 யோவான் 2:15 சொல்கிறது. முதல் வசனத்தில் உலகம் என்பது மனிதர்கள். இரண்டாவதில் அது எது என்று அடுத்த வசனமே விளக்கிவிடுகிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. அதாவது உடலின் ஆசை, பார்த்ததையெல்லாம் அடைய வேண்டும் என்ற ஏக்கம், நான் யார் தெரியுமா என்ற எண்ணம்.

ஆகவே உங்கள் நண்பர்களோ, வேலையோ, படிப்போ, விசுவாசத்துக்கு வராத உங்கள் குடும்பமோ நீங்கள் விட்டு ஓட வேண்டிய உலகம் கிடையாது. இயேசு தம் சீஷர்களுக்காக ஜெபித்தபோது, அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்கவில்லை, தீமையினின்று காக்கும்படிதான் கேட்டார் (யோவான் 17:15).

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கடந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். எந்த நேரத்தில் மனம் இழுபட்டது? யாரோடு இருந்தபோது விசுவாசத்தை மறைக்கத் தோன்றியது? தனியாக இருந்தபோதா, கூட்டத்திலா, செல்போனைக் கையில் எடுத்தபோதா? இரண்டு அல்லது மூன்று இடங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அவைதான் உங்கள் களம். பிறருடைய பலவீனங்களைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்டுத் தலையாட்டுவது எளிது. உங்கள் இரண்டு மூன்று இடங்களை எழுதிப் பார்ப்பது கொஞ்சம் வலிக்கும். எழுதுங்கள்.

இரண்டாம் படி: எதில் மறுப்பது, எதில் இசைவது என்று பிரித்து வையுங்கள்

தானியேலின் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். சிறைப்பட்டு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட இளைஞன் அவன். அவனுக்குப் பெல்தெஷாத்சார் என்று பெயர் மாற்றுகிறார்கள். அந்தப் பெயருக்கு எதிராக அவன் போராடியதாக வேதம் சொல்லவில்லை. கல்தேயரின், அதாவது பாபிலோனியரின் எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொல்கிறார்கள், படிக்கிறான், சிறந்தும் விளங்குகிறான். ராஜாவிடம் வேலையும் பார்க்கிறான். ஆனால் ராஜாவின் பந்தி என்று வரும்போது நின்றுவிடுகிறான். அதனால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டான்" (1:8).

எல்லாவற்றுக்கும் முரண்டு பிடித்திருந்தால் அவனால் ஒரு மாதம்கூட அங்கே இருந்திருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் தலையசைத்திருந்தால் நமக்கு இப்போது அவன் பெயரே தெரிந்திருக்காது. எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் நோட்டில் மூன்று பகுதிகள் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் வேதம் தெளிவாகத் தடுப்பவை: பொய், திருட்டு, லஞ்சம், திருமணத்துக்கு வெளியே உடலுறவு, வேறு தெய்வத்தை வணங்குவது, ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் அவதூறு பேசுவது. இவற்றில் பேரம் இல்லை. கடைசியாகச் சொன்னதைச் சேர்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். நம் கூட்டங்களிலேயே அது சர்வசாதாரணமாக நடப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பகுதியில் விசுவாசிகளுக்குள்ளேயே கருத்து வேறுபடும் விஷயங்கள்: எந்தப் படம் பார்க்கலாம், எந்த இசை கேட்கலாம், ஓய்வுநாளில் வேலை செய்யலாமா, எந்த விழாவில் எந்த அளவு கலந்துகொள்ளலாம் என்பவை. ரோமர் 14 முழுவதும் இந்த வகையைப் பற்றியதுதான். அவனவன் தன் மனதில் முழு நிச்சயம் உடையவனாக இருக்க வேண்டும் என்று 5ஆம் வசனம் சொல்கிறது. உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் செய்யாதீர்கள். செய்கிற இன்னொருவரை நியாயந்தீர்க்கவும் செய்யாதீர்கள். உங்கள் சுதந்திரம் பலவீனமான ஒருவருக்கு இடறலாகும் என்று தெரிந்தால் விட்டுக்கொடுங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் போதகரிடமோ, முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ கேட்டு, ஜெபித்து, முடிவை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த முடிவு மாறலாம். அதில் தவறில்லை.

மூன்றாவது பகுதி, நன்றியோடு அனுபவிக்கக்கூடியவை: நல்ல நட்பு, விளையாட்டு, உழைப்பு, ஓய்வு, சிரிப்பு. இதைக் காலியாக விடாதீர்கள். மறுப்புகளின் பட்டியலாக மட்டும் வாழ்க்கையை வைத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் களைத்துவிடுகிறார்கள்.

மூன்றாம் படி: சொல்ல வேண்டிய வார்த்தையை முன்பே தயார் செய்யுங்கள்

தீர்மானித்த பிறகு தானியேல் என்ன செய்தான் என்பதும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. மேசையில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகவில்லை. பொறுப்பாளரிடம் போய்க் கேட்டுக்கொண்டான். அவருக்கு ராஜாவைப் பற்றிய பயம் இருந்ததைப் புரிந்துகொண்டு, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழியும் சொன்னான். மறுப்பில் உறுதி இருந்தது, பேச்சில் பணிவு இருந்தது, கையில் ஒரு மாற்று யோசனையும் இருந்தது.

எனக்கு அந்த ஆவணத்தில் தேவைப்பட்டதும் இதுதான். இப்போதானால் இப்படிச் சொல்வேன்: "சார், பழைய தேதியில் என்னால் கையெழுத்துப் போட முடியாது. இன்றைய தேதியிலேயே தயார் பண்ணுகிறேன். ஏன் தாமதம் என்று விளக்கக் குறிப்பும் நானே எழுதித் தருகிறேன்." மது அருந்தக் கூப்பிடும் நண்பர்களிடம்: "நான் குடிப்பதில்லைடா. ஆனா உங்களோடு உட்கார்ந்து பேச எனக்குப் பிடிக்கும்." ஒருவரைப் பற்றிப் புறம்பேசும்போது: "அவர் இல்லாதப்போ இதைப் பேச வேண்டாமே." இவ்வளவு போதும். நீளமான விளக்கம் கொடுக்கக் கொடுக்க, நீங்கள் அனுமதி கேட்பது போல ஆகிவிடும். அந்த இடத்திலேயே பிரசங்கமும் வேண்டாம். யாராவது உண்மையாகவே காரணம் கேட்டால், 1 பேதுரு 3:15 சொல்கிறபடி சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள்.

இந்த வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். உதவுகிறது.

ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெலின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் அவர் அதில் ஓடவில்லை. பந்தயத் திடலுக்கு வந்து கடைசி நிமிடத்தில் மறுத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிட்டது, அவரும் அப்போதே முடிவெடுத்துவிட்டார். மீதியிருந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்தார். அதில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். ஞாயிறு பற்றிய அவருடைய நிலைப்பாடு உங்களுக்கு உடன்பாடாக இல்லாமல் இருக்கலாம், அது ரோமர் 14 வகை விஷயம். அவர் முடிவெடுத்த நேரத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

லிடெலுக்குத் தங்கம் கிடைத்தது போல உங்களுக்கும் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையாக இருந்ததால் பதவி உயர்வை இழந்தவர்கள் உண்டு, நண்பர்களை இழந்தவர்களும் உண்டு. லிடெலே பிறகு மிஷனரியாகச் சீனாவுக்குப் போய், 1945இல் ஒரு தடுப்பு முகாமில் இறந்துபோனார். ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன் நின்ற தானியேலின் நண்பர்கள் மூன்று பேரும் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொல்லிவிட்டு, "விடுவிக்காமற்போனாலும்" வணங்க மாட்டோம் என்றார்கள் (தானியேல் 3:18). அந்த வார்த்தையையும் சேர்த்துத்தான் உங்கள் முடிவு இருக்க வேண்டும்.

நான்காம் படி: விடியற்காலையைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

முடிவுகளை எழுதி வைத்தால் மட்டும் போதாது. அவற்றில் நிற்கும் பெலன் தேவனிடமிருந்து வர வேண்டும். அதற்கு ஒரு நேரம் வேண்டும்.

செல்போனைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் என்று ஆரம்பியுங்கள். வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்கும் புதியவர்கள் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள், நாளுக்கு ஒன்று என்றால் 16 நாட்கள். அப்புறம் 1 பேதுரு, ஐந்தே அதிகாரங்கள், அழுத்தத்தில் இருந்தவர்களுக்கென்றே எழுதப்பட்டது. கூடவே தினம் ஒரு சங்கீதம். வாசித்ததில் ஒரே ஒரு வரியை எடுத்து அதையே ஜெபமாக மாற்றுங்கள். "ஆண்டவரே, இன்று மூன்று மணிக்கு அந்தக் கூட்டம் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அலங்கார வார்த்தைகள் தேவையில்லை.

வனாந்தரத்தில் பிசாசு மூன்று முறை சோதித்தபோது இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார் (மத்தேயு 4). அந்தந்தச் சோதனைக்கு அந்தந்த வசனம். நீங்களும் முதல் படியில் எழுதிய உங்கள் இரண்டு மூன்று இடங்களுக்கு ஒவ்வொரு வசனம் தேடி மனப்பாடம் செய்யுங்கள். பண ஆசைக்கு 1 தீமோத்தேயு 6:6, மனிதர்களைப் பற்றிய பயத்துக்கு நீதிமொழிகள் 29:25, இச்சைக்கு 1 கொரிந்தியர் 10:13 என்று தொடங்கலாம்.

ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு வாசித்து ஈடுகட்ட வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

ஐந்தாம் படி: சிலவற்றோடு வாதாடாமல் ஓடிவிடுங்கள்

தன் எஜமான் போத்திபாரின் மனைவி பிடித்தபோது யோசேப்பு தன் வஸ்திரத்தையே விட்டுவிட்டு வெளியே ஓடினான். அதற்கு முன் நாள்தோறும் அவள் கேட்டபோதெல்லாம் மறுத்தான், அவளோடே இருக்கவும் சம்மதிக்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 சொல்கிறது. ஓடுவதற்கு முன்பே தூரம் வைத்திருந்தான்.

பாலியல் சோதனையில் "நான் சமாளித்துக்கொள்வேன்" என்ற எண்ணம்தான் முதல் சறுக்கல். இரவில் செல்போனைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தனிமையில் உங்களை இழுக்கும் செயலியை நீக்குங்கள், கட்டுப்படுத்திப் பயன்படுத்தலாம் என்று மூன்று முறை முயன்று தோற்றிருந்தால் நான்காவது முறை முயல வேண்டாம். மணமானவர்களோடு ரகசியமாக நடக்கும் பேச்சு எதுவானாலும் இன்றே நிறுத்துங்கள்.

ஆறாம் படி: வேலையை விடாதீர்கள், வேலை செய்யும் விதத்தை மாற்றுங்கள்

மனந்திரும்பியவர்கள் யோவான்ஸ்நானனிடம் போய் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்ட பகுதி லூக்கா 3இல் இருக்கிறது. வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இரண்டுமே அன்று மக்களிடம் பெயர் கெட்டுப்போன தொழில்கள். ராஜினாமா செய்யுங்கள் என்று யோவான் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு அதிகமாக வசூலிக்காதீர்கள் என்று ஆயக்காரரிடமும், "உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்று சேவகரிடமும் சொன்னார். உங்கள் தொழிலில் அந்த வாக்கியம் எப்படி வரும்? செய்யாத வேலைக்கு மணிக்கணக்கு எழுதாதிருப்பது, வாடிக்கையாளரிடம் குறையை மறைக்காதிருப்பது, சக ஊழியரின் உழைப்பைத் தன்னுடையது என்று காட்டாதிருப்பது. ஒன்றிரண்டு இப்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும்.

தொழிலே பாவமாக இருந்தால் அது வேறு விஷயம். அதை விட வேண்டும், ஆனால் தனியாகத் தவிக்காமல் சபையின் உதவியோடு விடுங்கள்.

வீட்டுக்கும் இதே விதிதான். குடும்பத்தில் நீங்கள் மட்டும் விசுவாசியாக இருந்தால், விவாதத்தைக் குறைத்துப் பொறுப்பைக் கூட்டுங்கள். முன்பைவிடப் பொறுமையான மகனாக, மகளாக, கணவனாக, மனைவியாக நீங்கள் மாறியது அவர்கள் கண்ணுக்குத் தெரியட்டும். அது தெரியாத வரைக்கும் உங்கள் வசனங்கள் அவர்கள் காதில் ஏறாது.

ஏழாம் படி: ஒரு சபை, அதிலும் ஒரே ஒருவர்

ஞாயிறு ஆராதனைக்குப் போவது அவசியம், சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25 சொல்கிறது. ஆனால் நூறு பேருக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ள முடியும். உங்கள் நோட்டில் எழுதிய பலவீனங்களைத் தெரிந்த ஒருவராவது வேண்டும். உங்கள் பாலினத்தைச் சேர்ந்தவராக, உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராகப் பாருங்கள். மற்றவர்களின் ரகசியங்களை உங்களிடம் சொல்பவர் உங்கள் ரகசியத்தையும் சொல்வார், அவர் வேண்டாம். வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் பேசி, சேர்ந்து ஜெபியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேள்வி கேட்கவே கூடாது என்று சொல்லும், குடும்பத்தையும் நண்பர்களையும் அறுத்துவிடச் சொல்லும், உங்கள் பணத்தையும் முடிவுகளையும் கையில் எடுத்துக்கொள்ளும் கூட்டத்திலிருந்து விலகுங்கள். பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காக வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது (அப்போஸ்தலர் 17:11).

எட்டாம் படி: விழுந்த அன்றே திரும்புங்கள்

விழுவீர்கள். இவ்வளவு சொன்ன பிறகும் இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறவனாவேன்.

பேதுரு மறுதலித்த இரவில் பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பு எரிந்துகொண்டிருந்தது, அவனும் குளிர்காய்ந்துகொண்டு நின்றான் (யோவான் 18:18). அங்கேதான் இயேசுவைத் தெரியாது என்றான். உயிர்த்தெழுந்த பின் கடற்கரையில் இயேசு அவனைச் சந்தித்தபோதும் அங்கே ஒரு கரிநெருப்பு போடப்பட்டிருந்தது (யோவான் 21:9). மூன்று முறை மறுதலித்தவனிடம் மூன்று முறை "நீ என்னில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதாக இல்லை. ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஒரு வேலையைக் கொடுத்தார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவன் விழுவதற்கு முன்பே, "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு நான் உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லியிருந்தவர் அவர் (லூக்கா 22:32).

விழுந்தால், சில நாள் போகட்டும், மனம் சரியானதும் ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றே, அந்த மணி நேரத்திலேயே, பாவத்தை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். "தவறுகளை மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "இன்று அவரிடம் பொய் சொன்னேன்" என்று சொல்லுங்கள். 1 யோவான் 1:9ஐ வாசித்து அதை நம்புங்கள். யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அவரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். நான் அந்த ஆவணத்தைப் பற்றி மேலாளரிடம் போய்ச் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரமும் என்னால் ஜெபிக்க முடியவில்லை, சொன்ன அன்று இரவு முடிந்தது. பிறகு, ஏழாம் படியில் சொன்ன அந்த ஒருவரை அழைத்துச் சொல்லுங்கள். எந்த இடத்தில் சறுக்கியது, அதற்கு முன்னால் எந்த முடிவு எடுக்கப்படாமல் இருந்தது என்று இருவருமாகப் பார்த்து, நோட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் எழுந்ததும், விட்ட அதிகாரத்தைத் திறங்கள்.